அப்பாவை விட்டுவந்த தீவு

மே மாதத்தில் சிங்கி இறால் பருவம் முடிந்த அன்று, கப்பல் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வெளித்தீவிலிருந்து கிளம்பியது. அப்பா மட்டும் வரவில்லை. அவரைப் பிப்ரவரியிலேயே குடிசைகளுக்கு மேலே இருந்த சரிவில் புதைத்துவிட்டார்கள்.

நான் அன்று காலையில்தான் அதே கப்பலில் போய் இறங்கியிருந்தேன். செய்தி வந்தபோது உலகத்தின் மறுகோடியில், ஒரு பயணக் கப்பலின் அடுக்களையில் மீன் அரிந்துகொண்டிருந்தேன். அங்கிருந்து வால்பரைசோ துறைமுகம் வந்து, எங்கள் ஊர்த்தீவுக்குக் கப்பல் பிடித்து, மறுபடி ஓர் இரவு கடலில் கிடந்து வெளித்தீவு சேர்வதற்குள் பருவமே முடிந்துவிட்டது. சாமான்கள் ஏறி முடியும்வரை நேரம் இருக்கிறது, அதற்குள் அப்பாவைப் பார்த்துவிட்டு வா என்றார் கப்பல் தலைவர். அப்பா ஏதோ குடிசையில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பதுபோல இருந்தது அவர் சொன்னது.

அம்மா கரையில் நின்றிருந்தாள். பல வருடம் கழித்து என்னைப் பார்க்கிறாள். கட்டிப்பிடிக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. ஒன்றில் சுருட்டிய மெத்தை, இன்னொன்றில் கோழிக்கூண்டு.

"வந்துட்டியா," என்றாள். "இந்தக் கூண்டைப் பிடி. அந்தக் கறுப்புப் பெட்டை கொத்தும், பாத்துக்க."

கூண்டோடுதான் சரிவில் ஏறினேன். அப்பாவின் முன்னால் நின்றபோதும் அது என் கையில் இருந்தது. மண் இன்னும் அமுங்கவில்லை. வெள்ளை அடித்த சிலுவை என்னைவிட ஓர் ஆள் உயரம் கூடுதலாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கீழே படகிலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

வெளித்தீவில் மழைக்காலத்தில் ஆள் தங்குவதில்லை. அக்டோபரில் வருவார்கள், மேயில் போவார்கள். அதற்கிடையில்தான் இறால், குடிசை, புகை, சண்டை, ரொட்டி எல்லாம். போகும்போது கதவுகளுக்குக் குறுக்கே பலகை அடித்துவிடுவார்கள். பிறகு அங்கே காட்டு ஆடுகளும் கடல்நாய்களும் மழையும்தான்.

கப்பலில் ஏறியதும் அம்மா நேராகக் கீழ்த்தட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு எப்போதுமே கடல் ஆகாது. மீனவனுக்கு மகளாகப் பிறந்து, மீனவனையே கட்டி, ஒரு மீனவனைப் பெற்றவள். ஆனால் கப்பலுக்குப் போகவும் வரவும் தவிரப் படகில் காலை வைத்ததில்லை. நான் பின்தட்டில் நின்று பார்த்தேன். மேகம் தண்ணீர்வரைக்கும் இறங்கித் தீவை மூடியிருந்தது. பார்க்க ஒன்றும் இல்லாததால் நானும் கீழே போனேன்.

"தெரிஞ்சுதா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இல்லம்மா. மேகம்."

போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அவருக்குத் தனியா இருக்கத் தெரியாதுடி. சவரம் பண்ணக்கூட பக்கத்துல ஒரு ஆள் நின்னு பேசிக்கிட்டு இருக்கணும். அவரைப் போயி அங்க விட்டுட்டு வரோம்."

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அப்பாவை ஊருக்குக் கொண்டுவர வேண்டும்.

*

அப்பா செத்த விதத்தை அண்ணன் ராமிரோ எனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னான். அப்பாவின் படகில் அவன்தான் கூட்டாளி. கடலிலிருந்து வந்து, சாப்பிட்டு, ஒரு காலணியைக் கழற்றிவிட்டு, அடுத்ததற்குக் குனிந்தவர் நிமிரவில்லை. ஊருக்குக் கொண்டுபோகக் கப்பல் இல்லை. வர வாரக்கணக்கு ஆகும் என்றது வானொலி. பிப்ரவரி எங்கள் பக்கத்தில் கடும் வெயில் காலம். குழி வெட்ட மண் ஆழம் உள்ள இடமும் அந்தச் சரிவு ஒன்றுதான், மற்ற இடமெல்லாம் பாறை. பழைய படகொன்றைப் பிரித்த பலகையில் சிலுவை செய்தார்கள். நீளம் அதிகம், அறுத்துவிடலாம் என்று யாரோ ரம்பத்தை எடுத்தபோது ராமிரோ பலகையின் மேல் படுத்துக்கொண்டானாம். அப்பாவுடைய எதையும் அறுக்கக் கூடாது என்று கத்தினானாம். பலகை அப்பாவுடையதுகூட இல்லை. ஆனாலும் யாரும் அறுக்கவில்லை. மிச்சம் இருந்த படகுச் சாயத்தையெல்லாம் அதன்மேல் பூசினார்கள்.

ஊர்த்தீவின் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மூலை உண்டு. அம்மாவின் பெற்றோரும், எனக்கு முன்னால் பிறந்து சில நாளே இருந்த ஒரு பெண் குழந்தையும் அங்கே கிடக்கிறார்கள். அதற்கடுத்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடம். எங்கள் தீவில் முள்நாவல் எவ்வளவு வெட்டினாலும் மறுபடி முளைக்கும் பிசாசுச் செடி. அம்மா வாரம் தவறாமல் கத்தியோடு போய் அந்த வெற்றிடத்தைச் சுத்தம் செய்தாள். அங்கே யாரும் இல்லை. இருந்தும் பக்கத்துக் கல்லறைகளைவிட அதுதான் துப்புரவாக இருந்தது.

மாலையில் வானொலியில் கடல் நிலவரம் சொல்வார்கள். மழைக்காலத்தில் வெளித்தீவு நிலவரத்தை யாரும் கேட்பதில்லை, அங்கே ஆளே இல்லையே. அம்மா மட்டும் தேநீரை ஆறவிட்டு அதைக் கேட்பாள். வடமேற்குக் காற்று, கன மழை என்று வந்தால் அன்று ரொட்டி இறங்காது.

"சரிவுல தண்ணி இறங்கும்," என்பாள். "அவருக்கு எப்பவுமே கால் சில்லுனு ஆயிடும்."

இருவரும் அப்படியொன்றும் கொஞ்சிக் குலாவியவர்கள் இல்லை. அப்பா பேச்சுக்காரர், அம்மா அதை வெட்டுகிறவள். அவர் ஒரு கதையை ஆரம்பித்தால், "அது போன வருஷம் சின்ன மீனா இருந்துச்சே, இப்ப வளந்துடுச்சா?" என்று கேட்பாள். அவர் கோபித்துக்கொண்டு வெளியே போய், கொஞ்ச நேரத்தில் வேறு கதையோடு திரும்புவார். இப்போது வெட்டுவதற்குப் பேச்சு இல்லாமல் அம்மாவின் வாய் வீட்டுச் சாமான்கள்மேல் பாய்ந்தது. அடுப்பைத் திட்டினாள், கதவைத் திட்டினாள். என்னையும் விட்டுவைக்கவில்லை. நான் சன்னலருகே நின்றால், "கப்பலுக்குக் காத்திருக்கிறவ மாதிரி நிக்காத. உக்காரு. இல்லன்னா போயிடு," என்பாள். நான் இரண்டும் செய்தேன். சில மாதம் உட்கார்ந்திருந்தேன், சில மாதம் போய்விட்டு வந்தேன்.

ஒவ்வொரு பருவத்துக்கும் அவள் வெளித்தீவுக்குப் போனாள். ராமிரோவுக்குச் சமைக்க என்று பெயர். மாலையில் உருளைக்கிழங்குக் கூடையை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறி, சிலுவைக்கு அடியில் உட்கார்ந்து தோல் சீவுவாள். அன்றைக்கு யார் எவ்வளவு பிடித்தார்கள், எந்தப் படகுக்காரன் யாரோடு பேசவில்லை என்று எல்லாம் அப்பாவுக்குச் சொல்வாள். மேயில் கப்பல் வந்ததும் கீழ்த்தட்டில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

புதைத்த உடலைத் தோண்டி எடுக்கச் சட்டப்படி சில வருடம் பொறுக்க வேண்டும். அம்மா பொறுத்தாள். அனுமதி வந்த வருடம் ராமிரோ ஒரு பெட்டி செய்தான். எலும்புக்கு என்பதால் சின்னப் பெட்டி. அம்மா அதைப் பார்த்து, அவர் இதில் எப்படி அடங்குவார் என்று கேட்டாள். பிறகு அவளே உள்ளே ஒரு கம்பளித் துணியை மடித்துப் போட்டாள். அக்டோபரில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறினாள். நானும் போனேன்.

*

பருவம் முடிந்து திரும்பும்போது எடுத்துப்போவது என்று முடிவு. எலும்போடு சிலுவையும் போகும். அடியில் ஆளில்லாமல் சிலுவை நிற்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அம்மா இதை எல்லோரிடமும் சொன்னாள். மகிழ்வார்கள் என்று நினைத்தாள்.

முதலில் வந்தவர் படகுக்காரர் லாசரோ. கையில் ஆட்டுத் தொடை ஒன்று. உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, இந்தத் தீவின் மண் ரொம்ப நல்ல மண் என்றார். செத்தவர்களுக்கு இதுபோல மண் ஊரில் கிடைக்காது என்றார். வாழ்நாளில் ஒரு செடிகூட நட்டிராத ஆள் அவர்.

இரண்டு நாள் கழித்து ஃபெர்மின் வந்தார். எலும்பு இன்னும் பக்குவமாகியிருக்காது, நான்கைந்து வருடம் விடுவது நல்லது என்றார். எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டாள். பொதுவாகச் சொன்னேன் என்று தொப்பியைத் திருப்பிக்கொண்டே போய்விட்டார். அதன்பிறகு இன்னொருவர் வந்து, அப்பாவுக்கு அந்த இடத்துக் காட்சி ரொம்பப் பிடிக்கும் என்றார்.

அம்மாவுக்கு இரத்தம் கொதித்தது. ராமிரோ கரையில் இறால் பிடிக்கும் கூடு ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய் நின்றாள்.

"இவனுங்களுக்கு என்னடா வந்துச்சு? உங்கப்பா ஊருக்கு வந்தா இவனுங்க நிலத்தையா புடுங்கிக்கப் போறாரு?"

ராமிரோவுக்கும் விளங்கவில்லை. விளங்காததற்குக் காரணம் உண்டு. அவன் கூடுகள் எல்லாம் தீவின் தெற்கே, அப்பாவின் பழைய இடங்களில். அங்கிருந்து பார்த்தால் குடிசைகளும் தெரியாது, சரிவும் தெரியாது.

கடைசியில் எவரிஸ்தோ வந்தார். ராமிரோவுக்கு ஞானத்தகப்பன், அதனால் சம்பந்தி என்பதுபோல அம்மாவை "கொமாத்ரே" என்றுதான் கூப்பிடுவார். வாசலிலேயே நின்றார். தேநீர் வேண்டாம் என்றார்.

"கொமாத்ரே, நாளைக்கு கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். என்கூடப் படகுல வாங்க."

"எனக்குக் கடல் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். வாளி எடுத்துட்டு வாங்க."

மறுநாள் காலை அவரும் அம்மாவும் நானும் போனோம். அம்மா படகின் நடுவில், மடியில் வாளியோடு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடல் அவர் சொன்ன மாதிரிதான் இருந்தது. அம்மாவுக்கு அதுவே தாங்கவில்லை. ஓரிடத்தில் எவரிஸ்தோ இயந்திரத்தை நிறுத்தினார்.

அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு உடனே புரிந்தது. எங்கள் ஆட்கள் கணியம் பார்த்துத்தான் கூடு இறக்குவார்கள். கரையில் தெரியும் இரண்டு பொருளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக நேர்கட்டினால் ஒரு கோடு. வேறு திசையில் இன்னும் இரண்டை நேர்கட்டினால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் கூடு. அந்தக் கணியம் படகுக்காரனுடைய சொத்து. அடுத்தவனிடம் சொல்ல மாட்டான். குடித்திருந்தாலும் சொல்ல மாட்டான். சிலர் மனைவியிடமும் சொன்னதில்லை. எவரிஸ்தோ எங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது அவருடைய ஆகச் சிறந்த கணியத்தின்மேல்.

"கண்ணைத் திறங்க, கொமாத்ரே. கரையைப் பாருங்க."

அம்மா திறந்தாள். மலையின் பாதி மேகத்துக்குள் இருந்தது. குடிசைகள் மங்கலான பழுப்புப் புள்ளிகள். அதற்கு மேலே சரிவில் வெள்ளையாக, நட்டநடுவே, சிலுவை. அவ்வளவு தூரத்திலும் பளிச்சென்று தெரிந்தது.

எவரிஸ்தோ விளக்கத் தொடங்கினார், அம்மா வாளிக்குள் குனிந்தாள். அதற்குள் பக்கத்து முனையைச் சுற்றி லாசரோவின் படகு வந்தது. பாறை நிழலில் நின்ற எங்களை அவர்கள் கவனிக்கவில்லை. கூடு இறக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அசையாத தண்ணீரில் குரல் தெளிவாக வந்தது.

"அனிபாலை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் விடு... விடு... பாறைக்கு அடியில வரட்டும்."

"வரலயே."

"பொறு. வருவாரு."

படகு மெல்ல நகர்ந்தது.

"ஆங், அனிபால் வந்துட்டாரு. எறக்கு."

கூடு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அம்மா வாளியிலிருந்து தலையை எடுத்தாள்.

அப்பாவின் பெயர் அனிபால்.

"ஆறு படகு, கொமாத்ரே," என்றார் எவரிஸ்தோ. "இந்தப் பக்கம் இருக்கிற ஆறு படகும் அவனைப் புடிச்சுக்கிட்டுதான் தொழில் பண்றோம். மேகம் எறங்கினா மலை உச்சி தெரியாது, அருவி தெரியாது. அவன் மட்டும் தெரிவான். ஆனா ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிக்கிட்டதில்ல. சொன்னா கணியம் வெளிய போயிடும். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் மண்ணு, எலும்புன்னு ஏதோ உளறினானுங்க."

அம்மா கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உயிரோட இருந்தப்ப அவர் கைகாட்டின எடத்துல நீங்க யாராவது கூடு எறக்கியிருக்கீங்களா?"

"இல்ல."

"இப்ப மட்டும் என்ன?"

"இப்பத்தான் அவன் ஆடாம நிக்கறான், கொமாத்ரே."

அம்மா சிரித்தாள். சிரித்த வேகத்தில் மறுபடி வாளிக்குள் குனிந்தாள். அப்போது அழுதாளா, வாந்தி எடுத்தாளா என்று நாங்கள் பார்க்கவில்லை. எவரிஸ்தோ நெடுநேரம் இயந்திரத்தைக் கிளப்பாமல், கயிற்றில் இல்லாத சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

*

அதன்பிறகு அவள் பெட்டியை எடுத்துப் பார்க்கவில்லை. சரிவுக்கு மட்டும் வழக்கம்போலப் போய்வந்தாள். ஒருநாள் சாப்பாட்டின்போது ராமிரோவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அப்பாவை மட்டும் எடுத்துப்போகலாம், வழக்கம் கிடக்கட்டும், சிலுவை இங்கேயே நிற்கட்டும், அவர்களுக்குத் தேவை சிலுவைதானே என்றான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அம்மா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆள் இல்லாத வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, அனிபால் அனிபால்னு கூப்பிடவா?" என்றாள். "நல்லா இருக்குடா."

"அப்ப ஊரு?"

"ஊர்ல அவரை யார் கூப்பிடுறா? நான் ஒருத்தி. அதுவும் திட்டறதுக்கு."

"மழைக்காலத்துல, அம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

அவள் தட்டில் கிடந்த துகள்களை விரலால் ஒற்றி எடுத்தாள்.

"மழைக்காலம் மழைக்காலந்தான்," என்றாள். "அதுக்கு என்ன செய்யறது. எனக்கும்தான் மழைக்காலம்."

மேயில் கப்பல் வந்தது. கம்பளித் துணியை எடுத்துவிட்டுப் பெட்டியில் மீந்த மாவைக் கொட்டி மூடினாள். எலி புகாத நல்ல பெட்டி அது. ஏறியதும் கீழ்த்தட்டுக்குப் போகவில்லை. பின்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். குடிசைகள் மறைந்தன. வெள்ளை மட்டும் வெகுநேரம் தெரிந்தது. அது மறைந்த பிறகும் அவள் நின்றாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. உள்ளே போகலாம் என்று தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

ஊரில் அந்த வெற்றிடத்து முள்நாவலை அதன்பிறகு அவள் வெட்டவில்லை. தன் இடத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, அப்பாவின் பக்கத்தை விட்டுவிட்டாள். கோடையில் அது பழுத்தது. பறித்துவந்து பாகு காய்ச்சினாள். "உங்கப்பா எடத்துப் பழம்," என்று சொல்லித்தான் ரொட்டியில் தடவிக் கொடுத்தாள். அவள் அதைச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வெளித்தீவு நிலவரத்தை இன்றும் கேட்கிறாள். வடமேற்குக் காற்று என்றால் இன்றும் தேநீர் ஆறித்தான் போகிறது. முட்டி இரண்டும் போய்விட்டதால் பருவத்துக்குப் போவது நின்று சில வருடம் ஆயிற்று. ஃபெர்மின் இறந்துவிட்டார். எவரிஸ்தோ படகைவிட்டு இறங்கிவிட்டார். நானும் கப்பல் வேலைக்கு இரண்டு முறை போய் இரண்டு முறை திரும்பிவிட்டேன்.

இப்போது வெளித்தீவின் குடிசைகளுக்கும் செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டது. சென்ற நவம்பரில் ஒரு காலை, அம்மா அடுப்பைத் திட்டிக்கொண்டிருந்தபோது, என் கைப்பேசிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அம்மாவின் பெயரை மரியாதையோடு சொல்லித் தொடங்கியதால் சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பெண் குரல், பின்னால் நாய் ஒன்று குரைத்தது.

"தோன்யா தெல்மிரா, வணக்கம். என் பேரு யஸ்னா. உங்களுக்கு என்னைத் தெரியாது. தீவுக்காரி இல்ல, வால்பரைசோ பக்கத்துல இருந்து வந்தவ, இங்க ரெண்டாவது பருவம். எவரிஸ்தோவோட படகுல இப்ப நான்தான் கூடு தூக்கறேன். பொம்பள என்னத்தத் தூக்கப் போறான்னாங்க, தூக்கறேன். அவர் இடத்தையெல்லாம் எனக்குக் காட்டிட்டுத்தான் படகை விட்டாரு. நான் கேக்க வந்தது என்னன்னா... நாங்க நாள் பூரா அனிபால், அனிபால்னு சொல்லிக்கிட்டு இருக்கோம். அனிபாலை எடப்பக்கம் விடு, அனிபாலுக்கு நேரா வா. ரொம்ப நாளா அது அந்தச் சரிவோட பேருன்னே நெனச்சேன். நேத்துதான் சிலுவைக்குச் சாயம் அடிக்க மேல ஏறினோம், அப்பத்தான் ஆளுன்னு தெரிஞ்சுது. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இங்க கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அவர் எப்படி இருப்பாருங்க? நெட்டையா, குட்டையா? பேசற ஆளா, பேசாத ஆளா? உங்களுக்கு முடியறப்ப சொல்லுங்க, அவசரம் இல்ல. காத்து எறங்கினா நாளைக்கு வெளிய போவோம்."